கொத்தடிமை பத்தி பாண்டி, கடலூர்ல ஒரு ஆர்ட் கண்காட்சி வைக்கப் போறீங்களா? புதுசா இறங்குறவங்களுக்கு

முதல்லயே சொல்லிடறேன், சங்கிலி வரையாதீங்க.

கொத்தடிமைன்னு தலைப்பு குடுத்தா நம்ம பசங்க கைல தானா வர்றது சங்கிலி மாட்டின ரெண்டு கை, பின்னாடி செவப்பா ஒரு சூரியன், ஓரமா அழுவுற ஒரு கொழந்த. ஸ்கூல் ஓவியப் போட்டிலேர்ந்து பெரிய கேலரி வரைக்கும் இதையே பாத்து பாத்து ஜனங்களுக்கு கண்ணு மரத்துப் போச்சு. அதவிட பெரிய பிரச்சனை, அது உண்மையும் இல்ல. செங்கல் சூளையிலயோ சவுக்கு மரம் வெட்டற எடத்துலயோ ஆள சங்கிலி போட்டு வெக்கறதில்ல, ஒரு கணக்கு நோட்டு இருக்கும், அதுல ஒரு அட்வான்ஸ் எழுதியிருக்கும், அவ்ளோதான். சங்கிலிய தேடிப் பழகினவன் நெஜ சூளைய பஸ்ல தாண்டிப் போறப்ப ஒண்ணும் புரியாமதான் போவான். அதனால கண்காட்சியோட முதல் வேலை அந்த நோட்ட செவுத்துல கொண்டாந்து மாட்டறது, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

ஓவியர், போட்டோ எடுக்கறவங்க, சுடுமண் வேலை பண்றவங்க, பைன் ஆர்ட்ஸ் படிக்கற பசங்க, யாரா இருந்தாலும் முதல் தடவையா இதுல இறங்கறவங்களுக்காக எழுதறேன். வரிசையா சொல்றேன், ஆனா சில இடத்துல நின்னுதான் போகணும்.

மொதல்ல கணக்க படிங்க

பிரஷ்ஷ தொடறதுக்கு முன்னாடி கொத்தடிமை எப்டி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். மழைக்காலத்துல வேலை இருக்காது, கையில காசு இருக்காது, அந்த நேரம் பாத்து மேஸ்திரி (சூளைக்கு ஆள் சேக்கற தரகர்) வருவாரு, அட்வான்ஸ் குடுப்பாரு. பொங்கல் முடிஞ்சு குடும்பத்தோட சூளைக்குப் போயிடுவாங்க, ஆயிரம் கல்லுக்கு இவ்ளோன்னு ரேட்டு. ஆனா அந்தக் கூலி கைக்கு வராது, வாரா வாரம் செலவு காசுன்னு கொஞ்சம் குடுப்பாங்க, மீதி அட்வான்ஸ்ல கழியுதுன்னு சொல்லுவாங்க. சீசன் முடிவுலதான் கணக்கு. நோட்டு யார் கைல இருக்கோ கணக்கும் அவங்க சொல்றதுதான்.

இத ஒரு பேனலா எப்டி மாத்தறதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன், நம்பர்லாம் நானே போட்டது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து 40,000 ரூபா அட்வான்ஸ் வாங்கறாங்கன்னு வெச்சுக்குங்க. வாரம் 1,000 செலவு காசு, 24 வாரத்துக்கு 24,000. ஆக மொத்தம் 64,000 அவங்க பேர்ல கடனா எழுதியிருக்கும். ஆயிரம் கல்லுக்கு 500 ரூபா, ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஆயிரம் கல்லறுக்கறாங்க, மழை, காய்ச்சல், மண்ணு வராத நாளெல்லாம் போவ 120 நாள் வேலை. சம்பாத்தியம் 60,000. ஆறு மாசம் விடிகாலையிலேர்ந்து ரெண்டு பேரும் ஒழைச்ச பின்னாடியும் 4,000 பாக்கி, அந்த பாக்கிதான் அடுத்த சீசனுக்கு அவங்கள இழுத்துட்டு வருது. ஆளுக்கு நாள் கூலி பாத்தா 250 ரூபா. அதுக்கு பக்கத்துலயே அந்த வருஷத்து அரசாங்க குறைந்தபட்ச கூலிய அதே சைஸ் எழுத்துல எழுதுங்க, வேற ஒரு வார்த்த எழுத வேணாம். பாக்கறவங்க தானா போன்ல கால்குலேட்டர தொறப்பாங்க.

சட்டத்தையும் அதே மாதிரி சுருக்கமா வைங்க. 1976 கொத்தடிமை ஒழிப்பு சட்டம் சொல்றது இதுதான், ஒருத்தர் வாங்கின கடனால, அட்வான்ஸால, வேற வேலைக்குப் போற உரிமை, ஊர் விட்டு ஊர் போற உரிமை, குறைந்தபட்ச கூலி, தன் ஒழைப்பையோ பொருளையோ மார்க்கெட் வெலைக்கு விக்கற உரிமை, இதுல ஏதாவது ஒண்ணு பறிபோனாலே அவர் கொத்தடிமை. நாலும் போகணும்னு இல்ல. அடிக்கணும் பூட்டி வைக்கணும்னும் இல்ல. அந்தக் கடனே செல்லாது, திருப்பிக் கட்டத் தேவையில்ல. இது கொத்தடிமைக் கடன் இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடன் குடுத்தவர்தான், தொழிலாளி இல்ல. கொத்தடிமையா வெச்சிருந்தவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் 2,000 வரைக்கும் (ஆமா, 1976ல போட்ட 2,000 அப்டியேதான் இருக்கு, இத ஒரு தனி கார்டா அடிச்சு மாட்டினா போதும், தனியா கோவப்பட வேணாம்). குறைந்தபட்ச கூலிக்குக் கீழ வேலை வாங்கறதே கட்டாய வேலைதான்னு சுப்ரீம் கோர்ட் 1982லயே, ஆசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டு) கட்டுமானத் தொழிலாளர் கேஸ்ல சொல்லிடுச்சு. கட்டாய வேலைய தடை பண்றது அரசியல் சாசனத்தோட 23வது பிரிவு.

உலகக் கணக்கும் கேப்பாங்க. ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு), வாக் ஃப்ரீங்கற உரிமை அமைப்பு, ஐஓஎம் (சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு) மூணும் சேர்ந்து போட்ட மதிப்பீட்டுல 2021ல உலகம் முழுக்க நவீன அடிமைத்தனத்துல 4.96 கோடி பேர், அதுல 2.76 கோடி கட்டாய வேலை, 2.2 கோடி கட்டாயக் கல்யாணம். இத சின்னதா ஒரு ஓரத்துல வைங்க. கோடியெல்லாம் பாத்தா ஜனங்களுக்கு மலைப்புதான் வரும், 4,000 ரூபா பாக்கிதான் உறைக்கும்.

முன்னாடி பண்ணவங்க என்ன பண்ணாங்க

படம் காட்டி அடிமைமுறைய எதுக்கறது புதுசு இல்ல. 1788ல இங்கிலாந்துல பிளிமத் ஊர்ல புரூக்ஸ்னு ஒரு அடிமைக் கப்பலோட பிளானை அச்சடிச்சாங்க. கப்பலோட தளத்துல ஆளுங்கள எப்டி அடுக்குவாங்கன்னு மேலேர்ந்து பாக்கற மாதிரி ஒரு இன்ஜினியர் டிராயிங், அவ்ளோதான். கண்ணீர் இல்ல, ரத்தம் இல்ல, அளவு மட்டும்தான். அது வீட்டு செவுரு, டீக்கடை மாதிரி ஜனங்க கூடற எடம்னு எங்கெங்கயோ ஒட்டப்பட்டுச்சு, 1807ல அந்த வியாபாரத்த தடை பண்ணி சட்டம் வர்ற வரைக்கும் அந்த இயக்கத்தோட முகமே அந்தப் படம்தான். அதே இயக்கத்துல தாமஸ் கிளார்க்சன்னு ஒருத்தர் ஒரு மரப்பெட்டிய தூக்கிட்டு ஊர் ஊரா போனாரு, அதுல ஆப்பிரிக்கத் துணி, மிளகு, மரச்சாமான், கூடவே வெலங்கு. இந்த ஜனங்ககிட்ட வாங்கி விக்க இவ்ளோ பொருள் இருக்கறப்ப ஆள ஏன் விக்கணும்னு கேக்கறதுக்கு அந்தப் பெட்டி. நடமாடற கண்காட்சிதான அது.

அப்புறம் லூயிஸ் ஹைன். 1908லேர்ந்து அமெரிக்காவுல கொழந்தத் தொழிலாளர் முறைக்கு எதிரா இருந்த கமிட்டிக்காக போட்டோ எடுத்தாரு. பசங்களோட ஒயரத்த தன் கோட்டு பட்டன வெச்சு அளந்து, வயசு, வேலை நேரம் எல்லாம் குறிச்சு வெச்சுப்பாரு, அப்புறம் அத போர்டு போர்டா தலைப்பு போட்டு ஊர் ஊரா வெச்சாங்க. நாடு முழுக்க நிலைச்ச சட்டம் வர 1938 ஆச்சு. முப்பது வருஷம். கண்காட்சி முடிஞ்ச மறுநாளே மாறிடும்னு நெனைக்கறவங்க இத ஞாபகம் வெச்சுக்குங்க.

இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1840ல ராயல் அகாடமியில வெச்ச அடிமைக் கப்பல் ஓவியமும் இருக்கு, கடல்ல தூக்கிப் போட்ட ஜனங்க. பெரிய ஓவியம்தான், ஆனா நம்ம வேலைக்கு எனக்கு புரூக்ஸ் படம்தான் பக்கத்துல வருது.

நம்ம ஊர் கதைய விட்டுடாதீங்க

ஆப்பிரிக்கா, அமெரிக்கான்னு பேசிட்டு இருந்தா ஏதோ அடுத்தவன் ஊர் சமாச்சாரம்னு ஆயிடும். கடலூர் ஜனங்க சாயங்காலம் சுண்டல் வாங்கிட்டு ஒக்காருற சில்வர் பீச் இருக்கே, அந்த தேவனாம்பட்டினம். 1622, 1623ல பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரி துறைமுகத்துலேர்ந்து டச்சுக்காரங்க 1,900 பேர அடிமையா கப்பல் ஏத்தியிருக்காங்க. பாண்டியில ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புலயே ஆள ஏமாத்திப் பிடிச்சு கப்பலுக்கு வித்த சங்கதி வருது. பிரெஞ்சுக்காரங்க 1848ல அடிமைமுறைய ஒழிச்சாங்க, அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணுமேன்னு பாண்டி, காரைக்கால்லேர்ந்து ஒப்பந்தக் கூலியா ரீயூனியனுக்கும் கரீபியன் தீவுக்கும் ஏத்திட்டுப் போனாங்க. ஒரேலிங்கற கப்பல் அந்த கரீபியன் தீவுங்கள்ல 1853ல மார்த்தினிக், 1854 டிசம்பர்ல குவாதலூப் போய் சேர்ந்தது. இத ஒரு மேப்பா போடுங்க, கப்பல் எங்கேர்ந்து எங்க போச்சுன்னு. பாண்டியில பாதி வீட்டுல யாரோ ஒருத்தர் ரீயூனியன்லயோ பிரான்ஸ்லயோ இருப்பாங்க, அந்த மேப் முன்னாடி தானா நிப்பாங்க.

யார் கதை, அவங்ககிட்ட முதல்ல போங்க

இதுலதான் நெறைய நேரம் செலவு பண்ணணும். நம்ம பக்கம் கொத்தடிமையா இருந்து மீட்கப்படறவங்கள்ல நெறைய பேர் இருளர் பழங்குடி. சூளை, சவுக்கு, கரும்பு வெட்டு, கரி மூட்டம், எல்லா எடத்துலயும் அவங்க இருக்காங்க. தமிழ்நாட்டுப் பக்கம் ரொம்ப வருஷமா பழங்குடிப் பட்டியல்ல இருக்கற இதே ஜனங்கள புதுச்சேரியில பட்டியல்ல சேத்தது 2016 டிசம்பர்லதான். சாதி சான்றிதழ் இல்லன்னா வீட்டு மனையிலேர்ந்து பிள்ளைங்க ஸ்காலர்ஷிப் வரைக்கும் எதுவும் நகராது, அதுக்கு கடன்தான் வழி, கடன்னா மேஸ்திரி. இந்த சுத்தலும் உங்க செவுத்துல வரணும்.

நேரா கேமராவோட குடியிருப்புக்குள்ள போயிடாதீங்க. அவங்களோட வருஷக்கணக்கா வேலை செய்யற சங்கம், அமைப்பு வழியா போங்க. திண்டிவனத்துல பேராசிரியர் கல்யாணி ஆரம்பிச்ச பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் மாதிரி நம்ம வட்டாரத்துலயே ஆள் இருக்காங்க. போனதும் பெரியவங்கள அண்ணே, அக்கா, பெரியம்மான்னு கூப்டுங்க, "நீ, வா, போ"ன்னு ஊர்க்காரங்க பேசற மாதிரி பேசினீங்கன்னா அங்கயே முடிஞ்சுது. முதல் ரெண்டு மூணு தடவை ஒண்ணும் எடுக்காம பேசிட்டு மட்டும் வாங்க.

சம்மதம்னா பேப்பர்ல கைநாட்டு வாங்கறது இல்ல. எந்தப் படம், எந்த ஊர்ல மாட்டுவோம், பேப்பர்ல வரலாமா, பேஸ்புக்ல போகலாமா, சூளைக்காரரு பாத்தா என்ன ஆவும், எல்லாத்தையும் தனித்தனியா சொல்லிக் கேளுங்க. பிரேம் போடறதுக்கு முன்னாடி கொண்டுபோய் காட்டுங்க, அப்புறம் தெறக்கறதுக்கு மொத நாள் திரும்பக் கேளுங்க. வேணாம்னு சொன்னா எடுத்துடணும், அச்சடிச்ச காசு போனா போவுது. அவங்க ஒரு நாள் உங்களோட ஒக்காந்தா அன்னிக்கு கூலி போவுது, அத குடுத்துடுங்க. கூலி குடுக்காம வேலை வாங்கறத எதுத்து கண்காட்சி வெச்சிட்டு அதையே பண்ணா எப்டி.

முடிஞ்சா அவங்களையே செய்ய வைங்க. வில்லியனூர்ல சுடுமண் வேலை தெரிஞ்சவங்க இருக்காங்க, அவங்களோட சேர்ந்து மீண்டு வந்தவங்க அவங்க நோட்டுக் கணக்க களிமண் பலகையில எழுதி சுட்டு வெச்சா எப்டி இருக்கும்னு பாருங்க. மண்ண பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த ஆர்ட்டிஸ்டுக்கும் தெரியாது. அவங்க பேர போடறதா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும், போட்டா ஆர்ட்டிஸ்டுன்னு போடுங்க, "பயனாளி"ன்னு போடாதீங்க.

முகம், பேர், கேஸ்

18 வயசுக்குக் கீழ இருக்கற, மீட்கப்பட்ட கொழந்தைங்க முகமும் பேரும் ஊரும் ஸ்கூலும் எங்கயும் வரவே கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74, மீறினா 6 மாசம் வரைக்கும் ஜெயிலோ 2 லட்சம் வரைக்கும் அபராதமோ ரெண்டுமோ. அம்மாவே சரின்னு சொன்னாலும் மாட்டாதீங்க. பாலியல் குற்றம் சம்பந்தப்பட்டதுன்னா பெரியவங்க பேரும் போடக் கூடாது. கண்ண மட்டும் கருப்புப் பட்டையில மறைக்கறதெல்லாம் ஊர்க்காரங்ககிட்ட செல்லாது, பொடவைய வெச்சே கண்டுபிடிப்பாங்க. கை, பாத்திரம், கல்லறுக்கற அச்சு, குடிசைக்குள்ள தொங்கற பை, இதையெல்லாம் வரைங்க, எடுங்க. பல நேரம் முகத்தவிட அதுதான் அதிகம் பேசும்.

சூளை பேரு, முதலாளி பேரு, மேஸ்திரி பேரு எதுவும் வேணாம். கேஸ் கோர்ட்ல இருக்கும், நீங்க எழுதின ஒரு வரிய வெச்சு அந்தப் பக்க வக்கீல் சாட்சிய ஒடைப்பாரு, உங்க மேல மானநஷ்டமும் வரும். ஒரு வக்கீல்கிட்ட எல்லா வாசகத்தையும் ஒரு தடவ காட்டிடுங்க. முக்கியமா ரகசியமா சூளைக்குள்ள போய் எடுக்கற வீரம் வேணாம், நீங்க திரும்பி வந்துடுவீங்க, ராத்திரியோட ராத்திரியா அந்தக் குடும்பத்த வேற எடத்துக்கு மாத்திட்டாங்கன்னா யார் தேடறது?

எடமும் காலமும்

பாண்டியில எடத்துக்கு பஞ்சம் இல்ல. அலியான்ஸ் பிரான்சேஸ், வெள்ளைக்காரத் தெருப் பக்கம் கேலரிங்க, அரியாங்குப்பத்துல பாரதியார் பல்கலைக்கூடம், பீச் ரோட்டுல காந்தி திடல். கேலரியில ஏசி, லைட்டு எல்லாம் நல்லா இருக்கும், ஆனா அங்க வர்றவங்க ஏற்கனவே நம்ம பக்கம் இருக்கறவங்க. சூளைக்கு ஆள் அனுப்பற மேஸ்திரியோ, போற குடும்பமோ, கல்லு வாங்கி வீடு கட்டறவரோ அந்தக் கதவ தெறக்க மாட்டாங்க. அதனால என் யோசனை, ஒரு வாரம் பாண்டி கேலரி, அப்புறம் அதையே மடிச்சு கடலூர் மஞ்சக்குப்பம் பக்கமோ, திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஏதாவது மண்டபத்துலயோ, பாகூர் மாதிரி ஊர்ல ஸ்கூல் வராந்தாவுலயோ. அதனால செய்யறப்பவே ஒரு மினி வேன்ல ஏத்தற சைஸ்ல செய்யுங்க. பொது எடம்னா அந்த ஊர் உள்ளாட்சி அனுமதி, மைக் வெச்சா போலீஸ் அனுமதி, ரெண்டையும் முன்கூட்டியே எழுதிக் குடுத்துடுங்க.

அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வெளியில வைக்காதீங்க, 2011 டிசம்பர் கடைசியில 'தானே'ங்கற புயல் நம்மள என்ன பண்ணுச்சுன்னு தெரியும்ல. உப்புக் காத்துல டபுள் சைட் டேப் ரெண்டே நாள்ல உரியும், போம் போர்டு வளையும். சன்போர்டுல (கெட்டியான பிளாஸ்டிக் பலகை) ஒட்டி, மூலையில ஓட்டை போட்டு கயித்துல கட்டித் தொங்க விடுங்க. தேதிக்கு பிப்ரவரி 9 நல்ல நாள், 1976 சட்டத்துக்கு ஜனாதிபதி கையெழுத்து போட்டது அன்னிக்குத்தான், கலெக்டர் ஆபீஸ்ல உறுதிமொழி எல்லாம் எடுப்பாங்க, ஆபீசருங்கள கூப்டறதும் சுலபம். சூளை சீசனும் அப்ப நடந்துட்டு இருக்கும். ஆனா அதனாலயே மீண்டு வந்தவங்க சிலர் வேற நல்ல வேலையில இருப்பாங்க, வர முடியாது, கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

எழுத்து தமிழ்ல பெருசா, இங்கிலீஷ், பிரெஞ்ச் கீழ சின்னதா. படிக்கத் தெரியாதவங்களும் வருவாங்க, அவங்களுக்கு ஆடியோ வைங்க, ஒரு பழைய போனும் ஸ்பீக்கரும் போதும். வர்றவங்க தலையில பத்து கல்லு தூக்க வெச்சு "அனுபவம்" காட்டறது, இருட்டு ரூம்ல பூட்டறது, இதெல்லாம் எனக்குப் பிடிக்கல, செல்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க.

கடைசி மேஜை

வாசல் பக்கம் ஒரு மேஜை போடுங்க, இதுதான் மொத்தத்துலயும் ரொம்ப முக்கியம். பாத்துட்டு வர்றவர் "சரி, நான் என்ன பண்ணணும்?"னு கேப்பாரு. பதில் கைல குடுக்கற மாதிரி சின்ன துண்டு அட்டை அடிங்க. அவசரம்னா 112, கொழந்தைங்கன்னா 1098, பெண்களுக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100. ஆள் கடத்தலுக்கோ கட்டாய வேலைக்கோ ஆளானவங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் தரணும்னு 1987 சட்டப்பணி ஆணைச் சட்டத்துலயே இருக்கு, பல பேருக்கு தெரியாது.

நம்ம ஏரியாவுல ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரி எல்லை துண்டு துண்டா கெடக்கு, பாகூர்லேர்ந்து ரோட்ட தாண்டினா கடலூர் மாவட்டம், வில்லியனூர் தாண்டினா விழுப்புரம். சூளை எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கத்து அதிகாரிதான் விசாரிக்கணும். தமிழ்நாடுன்னா கோட்டாட்சியர் ஆபீஸ், கலெக்டர், இந்தப் பக்கம்னா புதுச்சேரி வருவாய்த்துறை. அதனால ஒரு மேப்ப பெருசா அடிச்சு, எந்த ஊர் யாருக்கு கீழன்னு கலர் போட்டு மேஜைக்குப் பின்னாடி மாட்டுங்க. யாராவது "எங்க ஊர் பக்கம் ஒரு எடம் இருக்கு"ன்னு ஆரம்பிச்சா கூட்டத்துக்கு நடுவுல பேச விடாதீங்க, தனியா ஒக்கார வெச்சு, அமைப்புலேர்ந்து வந்த அனுபவமுள்ள ஆள்கிட்ட விடுங்க. நீங்களா கெளம்பிப் போகாதீங்க.

மீட்டதுக்கப்புறம் என்னன்னும் ஒரு பேனல் வேணும். விடுவிப்புச் சான்றிதழ்னு ஒண்ணு குடுப்பாங்க, அது இல்லன்னா எதுவும் இல்ல. 2016 மத்திய அரசுத் திட்டப்படி ஆம்பளைங்களுக்கு 1 லட்சம், பொண்ணுங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் 2 லட்சம், ரொம்ப கொடுமையான சில வகைக்கு 3 லட்சம். ஒடனடி உதவி 20,000ஆ இருந்தத அப்புறம் 30,000 ஆக்கினாங்க. பெரிய தொகைய கேஸோட முடிவோட கட்டி வெச்சிருக்காங்க, கேஸ் இழுத்தா பணமும் இழுக்கும், அந்த நடுவுலதான் மேஸ்திரி திரும்ப வருவாரு. வர்ற ஆபீசருங்க இந்தப் பேனல் முன்னாடி கொஞ்ச நேரம் நிக்கற மாதிரி எடத்த வகுங்க.

காசு

படம் வித்து நிதி தெரட்டலாம், ஆனா மீண்டு வந்தவங்களோட முகப்படத்த விக்காதீங்க, யார் வீட்டு ஹால்ல மாட்டப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அவங்களே செஞ்ச மண் பலகை, லினோகட் (லினோலியத்துல செதுக்கி அச்சடிக்கறது) பிரிண்ட் விக்கலாம், வித்த காசு செஞ்சவங்களுக்கு, எவ்ளோன்னு முன்னாடியே எழுதி வெச்சு.

உண்டியல் வைக்கறதுல பாண்டியில தனி தொல்லை. வெளிநாட்டுக் குடிமகன் ரூபாயாவே போட்டாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அமைப்பு அத வாங்கக் கூடாது. ஆரோவில் ஆளுங்க மட்டும் இல்ல, நம்ம தெருவுலயே பிரெஞ்ச் பாஸ்போர்ட் வெச்சிருக்கற மாமாவும் அதுலதான் வருவாரு. அதனால உண்டியலே வேணாம், ரசீது புக் போட்டு, பேரும் நாட்டுரிமையும் கேட்டு வாங்குங்க, இல்லன்னா சிக்கறது நீங்க இல்ல, நீங்க உதவி பண்ண நெனச்ச அமைப்பு.

தெறப்பு விழாவுல பொன்னாடை, குத்துவெளக்கு, விஐபி பேச்சுன்னு ரெண்டு மணி நேரம் போயிடும். மீண்டு வந்தவங்கள மேடையில ஏத்தி "உங்க கஷ்டத்த சொல்லுங்கம்மா"ன்னு மைக்க நீட்டாதீங்க. அவங்களுக்கு முன் வரிசையில நாற்காலி, போக வர வண்டி, சாப்பாடு. பேசணும்னா அவங்களே சொல்லுவாங்க.

முடிஞ்சதும் போர்டெல்லாம் யார் வீட்டு மாடியில போய் கெடக்கும்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க, ரெண்டு செட்டா அச்சடிச்சிருந்தா ஒரு செட்ட அந்த சங்கத்துக்கே குடுத்துடலாம், அவங்க மழைக்காலத்துல, மேஸ்திரி அட்வான்ஸோட வர்ற நேரத்துல, குடியிருப்புக் குடியிருப்பா எடுத்துட்டுப் போவாங்க. கணக்குப் பேனல மட்டும் மறக்காம சேத்துக் குடுங்க, குறைந்தபட்ச கூலி மாறினா அந்த நம்பர மட்டும் மேல ஒட்டிக்கற மாதிரி ஒரு காலி கட்டம் விட்டு.